பட்டாணிச் செடியின் தூரத்து இலை

அன்பு மகளுக்கு,

கோபம் இல்லை. கோபம் என்றால் இரண்டு நாளில் தணிந்திருக்கும், இது வேறு. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பாதிப் பொய். அப்பா நலம், நான் நடமாடுகிறேன். உன் கை எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்ற நலமெல்லாம் அதற்குப் பிறகு. போனில் கேட்டால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். காகிதத்திலும் கத்திப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

உன் அறைத்தோழியைத் திட்டாதே. நீ குளிக்கப் போயிருந்தாய், அவள் போனை எடுத்தாள், கட்டு நனையாம பாத்துக்கிட்டுதான் குளிக்கிறா ஆன்ட்டி, கவலைப்படாதீங்க என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். எந்தக் கட்டு என்று நான் கேட்ட பிறகுதான் அந்தப் பெண்ணுக்குக் குரல் இறங்கியது. கொதிக்கும் எண்ணெய். முழங்கை வரை. அதற்குள் மூன்று வாரம் ஆகிவிட்டிருந்தது. ஓட்டல் சமையலறைன்னா சூடு படத்தான்மா செய்யும் என்று சில நாள் கழித்துப் பேசியபோது நீ சொன்னாய், ஏதோ மழையில் நனைந்துவிட்டு வந்ததைப் போல. வேலையை விட்டுட்டு வந்துடு என்றேன். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அப்பா போட்டுக்கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது, நீங்க அங்க பட்டினி கிடந்தா இங்க என் கை ஆறிடுமா என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்தாய். நியாயமான கேள்வி. அதைத்தான் சுமந்துகொண்டு அலைகிறேன், வீட்டுக்குள், ஆய்வகத்துக்குள், பஸ்ஸில்.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. செடிக்கு ஷாக் கொடுக்கிறவள் என்று உன் சிநேகிதிகளிடம் சொல்லுவாய். ஷாக் நாங்கள் கொடுப்பதில்லை, மின்சாரம் செடியுடையது. பட்டாணிச் செடியின் ஓர் இலை நுனியில் தீயைக் காட்டுவோம். சுட்ட இடத்தின் உயிரணுக்களில் மின்னழுத்தம் மாறும், அந்த மாற்றம் காம்பு வழியாகத் தண்டுக்கும் தண்டிலிருந்து வேறோர் இலைக்கும் போகும். அந்த இலையை யாரும் தொடவில்லை, அதன் மேல் வெளிச்சம் முன்போலவே விழுகிறது. ஆனாலும் சற்று நேரத்தில் அது உணவு செய்வதைக் குறைத்துக்கொள்ளும். கரியமில வாயுவை வாங்குவது குறைவதைத் திரையில் பார்க்கலாம், கோடு சரியும். உயிரணுவுக்குள் லேசாகப் புளிப்பு ஏறி, வாயு பச்சையம் வரை சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்பது எங்கள் ஆய்வகத் தலைவியின் வாதம், நீ சுருட்டை அத்தை என்பாயே, அவள். பிறகு இலை மெல்லத் தேறிவிடும். நான்தான் இன்னும் தேறவில்லை.

நீ போனை வைத்த மறுநாள் ஒரு செடி எதற்கும் அசையவில்லை. சுட்ட இலையில் மின்மாற்றம் இருந்தது, தூரத்து இலையில் ஒன்றுமில்லை. கோடு நேராகப் போனது, இலை வெளிச்சத்தைத் தின்றுகொண்டே இருந்தது. கம்பியை மாற்றினோம், கருவியை அணைத்துப் போட்டோம், மறுபடி சுட்டோம். இது செடியா, கருங்கல்லாடி என்றாள் சுருட்டை. எனக்கு அந்தச் செடியைப் பிடித்துப்போயிற்று. இப்படி இருக்கத் தெரிந்தால் போதும் என்று அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம்தான் தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் இலை ஆடினால் கம்பி நழுவும், அதனால் தூரத்து இலையின் காம்பைக் குச்சியோடு நூலால் தளர்வாகக் கட்டுவோம். அன்றைக்குக் கட்டியது நான். என் கை எங்கேயோ இருந்திருக்கிறது, இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன், காம்பு நசுங்கிவிட்டது. அடிப்பாவி, கழுத்தை நெரிச்சு வச்சிருக்கியே என்று சுருட்டை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது தைரியமான இலை இல்லை. அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

எனக்குச் செய்தி வராத அந்த மூன்று வாரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தேன். அப்பாவைச் சீட்டில் ஏமாற்றி ஜெயித்தேன். நன்றாகத் தூங்கினேன், கண்ணு. நீ இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் கட்டை நினைத்தால் அழுகை வருகிறது, அந்தச் சிரிப்பை நினைத்தால் உட்கார முடியவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ஆறாது. தூரத்து இலை சோர்ந்துபோவதால் சுட்ட இலைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அடுத்து வரும் சூட்டை அந்தத் தூரத்து இலை கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது என்று சில சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள், சுருட்டை அதைப் பெரிதாகச் சொல்லுவாள், எனக்கு அது போதுமா என்று தெரியவில்லை. ஆனால் சோர்ந்துபோவது என் பங்கு. எனக்காக என்று நீ செய்தியை நிறுத்தி வைக்காதே. வந்துவிடு என்று இனிமேல் சொல்ல மாட்டேன், அந்த அடுப்பு உனக்குப் பிடித்த அடுப்பு. சூடு பட்டால் அன்றைக்கே சொல். நான் கத்துவேன். கத்தட்டும் என்று விடு.

அப்பா எண்ணெய்ச் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். எல்லாம் வேகவைத்துத்தான் தின்கிறோம், நோயாளி நீயா நாங்களா என்று புரியவில்லை. அவரிடம் பேசும்போது பொரித்துச் சாப்பிடச் சொல், நீ சொன்னால் கேட்பார். வேலைக்குத் திரும்புவது டாக்டர் சொல்லும் நாளில், மேனேஜர் சொல்லும் நாளில் இல்லை. முழுக்கைச் சட்டை போடு. புதுத்தோல் அரிக்கும், சொறியாதே.

தோல் கூடி, விரல் ஐந்தும் மடங்கி நிமிர்ந்து, நீ நினைத்ததைச் சமைத்து நன்றாக இருக்க வேண்டும். கட்டு மாற்றும் நாளைத் தள்ளிப் போடாதே.

உன்
அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்கிறேன். விஷயம் தெரிந்த நாளிலிருந்து, உனக்குத் தெரியாமல், உன் அறைத்தோழியிடம்தான் உன் நிலவரம் கேட்டு வந்தேன். இப்போது அவளுக்குப் போன் செய்து, இனி என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம், என் மகளே சொல்லுவாள் என்றேன். சொல்லலைன்னா என்ன ஆன்ட்டி பண்ணுவீங்க என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். இனி வேலைக்குக் கிளம்ப வேண்டும்.