பேட்டரிக்கு வயசாகவில்லை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லியிருந்தாய். இப்போது வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே, நடந்ததைக் கேள். புயலைக் கண்காணிக்கும் எங்கள் செயற்கைக்கோள் போன வாரம் சாகக் கிடந்தது. பூமியின் நிழலுக்குள் போனால் அதற்கு வெயில் கிடையாது, பேட்டரிதான் சோறு போட வேண்டும், அதுவோ பாதியிலேயே கைவிரித்தது. கூட்டத்தில் எங்கள் இயக்குநர், "பேட்டரிக்கு வயசாயிடுச்சு, அணைச்சுடலாம்" என்றார். அதோடு விட்டாரா, என்னைப் பார்த்து "அதைப் பாத்துக்கிறவங்களுக்கும்தான்" என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றுவிட்டேன். "வயசு இல்ல சார், அவசரம். ஹீட்டர் பழுதாகி விறைச்சுக் கெடந்த பேட்டரியில முழு வேகத்துல சார்ஜ் ஏத்தச் சொன்னது நீங்க, வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்" என்றேன். பேட்டரி என்பது பல செல்கள் சேர்ந்த வரிசை, குளிர்ந்த செல்லுக்குள் லித்தியம் மெல்லத்தான் நுழையும் குட்டி, விரட்டினால் உள்ளே போகாமல் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது முள்ளாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் உள்ளேயே ஷார்ட்தான். வரிசையில் ஒரு செல் நொண்டினால் மற்றவையும் சேர்ந்து நொண்டும்.

அந்த நொண்டியை மட்டும் விலக்கிவிட்டு, பேட்டரிப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிச் சூடேற்றி, மெதுவாக சார்ஜ் செய்து, நிரம்புமுன்பே நிறுத்தலாம் என்றேன். "வெடிச்சா யாரு பொறுப்பு?" என்றார். "என் பேரை எழுதிக்குங்க" என்றேன். கட்டளைகளை அனுப்பினோம். அடுத்த நிழலுக்குள் அது நுழைந்தபோது கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் உட்காரவில்லை. எனக்குப் பின்வாங்க மனசு வரவில்லை. மறுபக்கம் வெயிலில் அது முழிப்போடு வந்தது, எங்கள் பிரிவுப் பெண்கள் மேசையைத் தட்டித் தீர்த்துவிட்டார்கள். இப்போது, எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசியதற்கு இயக்குநரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லையென்றால் பிரிவை விட்டு மாற்றிவிடுவாராம். அப்பா, "ஒரு வார்த்தைதானே" என்று மெல்ல இழுத்தார், நான் பார்த்த பார்வையில் பாத்திரம் கழுவப் போய்விட்டார். கேட்கமாட்டேன். மாற்றினால் மாற்றட்டும், போகிற இடத்திலும் இதையேதான் சொல்வேன். நேற்று நடுக்கடலில் புயல் திரள்வதை அந்தச் செயற்கைக்கோள்தான் முதலில் காட்டியது, படகுகளெல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டன.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தனியாகப் பேசு, ஏங்கிப் போயிருக்கிறார், வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

உன்,
அடங்காத அம்மா