போகும்போது மட்டும் இருமுகிற வண்டி

எர்ணாவூர்,
ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு,

அக்கா ரெஜினா எழுதுவது. மடத்தில் எல்லாரும் உன்னை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். எனக்கு இன்னும் அப்படி எழுதக் கை வரவில்லை, உங்கள் மதர் பொறுத்துக்கொள்ளட்டும். நீயும் உன்னோடு இருக்கிறவர்களும் அந்த மலைக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் தவக்காலத்திலேயே வந்துவிட்டது. அங்கே போன் எடுக்காது, கடிதம்தான் ஒரே வழி என்று தெரிந்தும் இத்தனை நாள் பதில் போடவில்லை. இப்போதும் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. ராயபுரத்தில், டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் இருக்கிறேன். உன் அத்தான் உள்ளே மெஷினில் படுத்திருக்கிறார். முடிய நாலு மணி நேரம் ஆகும். ஜெபமாலை சொன்னால் பாதியிலேயே தூக்கம் வருகிறது. எழுதினால் வருவதில்லை.

பார்சல் வந்ததா, சொன்னபடி செய்தாயா என்று கேட்டிருந்தாய். வந்தது. உங்கள் சபை சிஸ்டர் வீடு தேடி வந்து தீர்த்த பாட்டிலையும் மந்திரித்த உப்புப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் ரயிலுக்கு ஓடினார்கள். நீ சொன்னபடி செய்தேன். சொன்னதற்கு மேலேயும் செய்தேன். அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. படித்துவிட்டு வருத்தப்படாதே.

முதலில் அத்தான் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் இங்கே வர வேண்டும். ஊசி குத்திக் குத்தி இடது கை கயிறு முறுக்கினது போல ஆகிவிட்டது. தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். காபி, கஞ்சி, மாத்திரைக்கு என்று எல்லாம் அதற்குள்தான். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவர் குடித்ததையும் எழுதி வருகிறேன். உப்பு இல்லை என்றே வைத்துக்கொள். கருவாடு வாசல்படி ஏறி ரொம்ப நாளாயிற்று. அவருடைய ராயபுரத்துப் பேச்சு உனக்குத் தெரியுமே. உப்பில்லாத மீன் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடலு எதிர்லயே கீது, மீனு மட்டும் எங்கியோ ஆஸ்பத்திரில பொறந்தா மாரி கீது" என்பார். அப்படியும் சாப்பிட்டுவிடுவார். உப்பு டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். நான் கோயிலுக்குப் போன நேரம் ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார் என்று ஒரு நாள் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, பல்லி இருக்கா பார்த்தேன் என்றார்.

வண்டி அதே வெள்ளை மாருதிதான். நீ மடத்தில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அன்று அதில்தானே வந்தோம். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை என்று ஜனங்கள் சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. ஆனால் இப்போது அது இல்லாமல் முடியாது. மெஷினிலிருந்து இறங்கினால் அவருக்குத் தலை சுற்றும், காலை இழுக்கும், பாதி நாள் வாந்தி எடுப்பார். ஒரு தடவை ஆட்டோவில் எடுத்துவிட்டார். அந்தத் தம்பி இறங்கி மண்ணை அள்ளிப் போட்டான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேறு ஆள் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். துறைமுகத்தில் கிரேனுக்கெல்லாம் கரண்ட் வேலை பார்த்த மனுஷன். மானம் அவருக்கு எலும்புக்குள் இருக்கிறது.

அதனால் போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது நான். ஐம்பது தாண்டி லைசென்ஸ் எடுத்தவள். எண்ணூர் விரைவுச் சாலையில் ரெண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவே போகும்போது இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது.

ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில் இன்ஜின் மிஸ் அடிக்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு துடிப்பை விட்டுவிடும், வண்டி முழுக்க உதறும். வேகம் கொடுத்தால் முன்னே போகாமல் இருமும். திருவொற்றியூரில் ஷெட் வைத்திருக்கிற வரதனிடம் காட்டினோம். அவன்தான் இத்தனை வருஷமாக இந்த வண்டியைப் பார்க்கிறான். "மூணு பேரு சேந்து மூட்ட தூக்கினு போறான்மா, அதுல ஒருத்தன் அப்பப்ப கைய வுட்டுர்றான். அவன் யாருன்னு பாக்கணும்" என்றான். பிளக் மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோலில் தண்ணீர் இருக்கும் என்று டேங்கை வடித்தான். ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் வண்டி பூனை மாதிரி நிற்கும். அடுத்த செவ்வாய் வரும், மறுபடி இருமும்.

அதிலும் ஒரு விசித்திரம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் உதறும். திரும்பி வரும்போது அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போல வரும். அத்தான் இதைக் கவனித்துவிட்டார். "வண்டிக்கே அந்த எடம் புடிக்கல ரெஜி. நீ மட்டும்தான் புடிவாதமா இழுத்துகினு போற" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், தீர்த்தத்தைக் கூட்டினேன். ஆரம்பத்தில் நீ எழுதியபடி வாசலிலும் வண்டியிலும் ரெண்டு சொட்டுத்தான். அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து பானெட்டைத் தூக்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்கிறது என் வேலை. ஈஸ்டரிலிருந்து, அவர் சட்டை மாட்ட உள்ளே போன நேரம், உப்பை ஒரு சிட்டிகை தீர்த்தத்தில் கரைத்து, பரலோக மந்திரம் சொல்லி, இன்ஜின் மேலேயே தெளித்துவிடுவேன். அவருக்குத் தெரியாது. பூசையில் சாமியார் தெளித்துக்கொண்டு வந்தாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறவர், தெரிந்தால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார். மிஸ் அடிப்பது அதிகமாக ஆக, நானும் ஒரு மூடி, ரெண்டு மூடி என்று ஊற்றினேன். உப்பும் சிட்டிகையிலிருந்து விரலால் அள்ளுகிற அளவுக்கு வந்தது. சைத்தான் புகுந்த இடத்தில் குறைத்தா தெளிப்பார்கள் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற இடத்தில் வண்டி உதறி உதறி நின்றே போனது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நாலு கிளீனர்கள் இறங்கித் தள்ளி ஓரம் கட்டினார்கள். "பெர்சு, மியூசியத்துல வுட வேண்டியத ரோட்டுல வுட்டுகினு கீறியே" என்றான் ஒருத்தன். அத்தான் அவனோடு சேர்ந்து சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திருப்பச் சொன்னார். நான் மாறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். வண்டி உடனே கிளம்பியது. வீடு வரைக்கும் ஒரு இருமல் இல்லை. "பாத்தியா, வூட்டுக்குன்னா ஓடுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்ப எழுந்தேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கால் ரெண்டும் வீங்கிப் பளபள என்று இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு முறை தப்பினாலே இப்படி என்றால் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். அன்றே மெஷினில் போட்டு நீரை எடுத்து, மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் மணலி கம்பெனிகள் பக்கத்திலிருந்து அந்த வாயு நாற்றம் அடித்தது. ஜன்னலைச் சாத்தப் போனபோது அவர் பின்னாலிருந்து சொன்னார். இன்னொரு தடவை வண்டி நடுரோட்டில் நின்றால் அவர் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவாராம். அதற்கப்புறம் அவரை எங்கேயும் கூப்பிடக்கூடாதாம். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேஸ் அடுப்பை நிறுத்தச் சொல்கிற குரலில் சொன்னார், சுகிர்தம். நான் ஜன்னல் கொக்கியை மாட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நானே வரதன் ஷெட்டுக்கு நடந்து போனேன். வண்டி உன்னிடம் வரும்போது நன்றாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் கிளம்புகிற நேரத்துக்கு வீட்டுக்கே வந்து பார் என்று கேட்டேன். "வண்டிக்கு நேரம் காலம்லாம் தெரியுமாம்மா" என்றான். ஆனால் வந்தான். அவன் வருகிறானே, நல்லபடியாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அன்று நான் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தெளித்திருந்தேன்.

ஸ்டார்ட் செய்தான். வாசல் கதவெல்லாம் அதிர்கிற மாதிரி உதறியது. அவனுக்கு ஒரே சந்தோஷம். பிளக்குக்குப் போகிற வயர்களை ஓடும்போதே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். ஒன்றைப் பிடுங்கினால் சத்தம் மாறவே இல்லை. "இவன்தான் கைய வுட்றவன்" என்றான். அத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், என்னிடம் கறுப்புப் போர்வையை எடுத்து வரச் சொன்னார். கரண்ட் ஓடிப்போகிறதை இருட்டில்தான் பார்க்க முடியுமாம். வரதனும் அவருமாகத் தலையை உள்ளே விட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டார்கள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கு வைத்துக் கொடுக்கிற மூடி ஒன்று இருக்கிறது, டெல்கோ என்கிறார்கள். அதன் மேல் நீலமாக, பூரான் ஊர்வது போல நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் ஈரத்தில் வழிந்து இரும்புக்குப் போகிறது என்றார் அத்தான். இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்துவிடுவதால்தான் திரும்பும்போது ஒழுங்காக ஓடுகிறதாம்.

இன்ஜினை நிறுத்திவிட்டு வரதன் வயர்களைக் கழற்றினான். வயர் சொருகுகிற குழிகளிலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். "உப்பு நைனா" என்றான்.

நான் போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

அத்தான் அந்த மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்தார். தீர்த்த பாட்டில் அங்கேதான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கடல் காற்று என்றார் வரதனிடம். வரதன் விடுவானா. "கடல் காத்து இன்னா நைனா, பானெட்ட தொறந்துகினு உள்ள வந்து குந்திகினு போவுமா? இந்த ரோட்டுல எத்தினி வண்டி பாக்குறேன், எதுலயும் இப்டி இல்லியே" என்று கேட்டான். "எர்ணாவூர் காத்து பத்தி உனுக்கு இன்னாடா தெரியும், துடைச்சி மாட்டுடா, ஊசிக்கு நேரமாவுது" என்றார். அவன் பெட்ரோல் துணியால் துடைத்து, காயவைத்து, மாட்டினான். புது மூடியும் வயரும் வாங்கி வந்து சனிக்கிழமை போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. அவர் கன்டெய்னர் வரிசையில் நிற்கும்போதுதான், முன்னால் பார்த்தபடியே சொன்னார். "எனுக்குக் குடுக்காத உப்பையெல்லாம் வண்டிக்குக் குடுத்து வளத்துகினு இருந்திருக்கே."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் அது நிற்கவில்லை. அவர் ஜன்னலை இறக்கிவிட்டார், அவ்வளவுதான்.

நான் செய்தது பாவமா என்று உங்கள் சாமியாரைக் கேட்டு எழுது. தீர்த்தத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊற்றின கைதான் சரியில்லை. அந்த மனுஷனை ஊசிக்குக் கொண்டுபோகிற வண்டியை நானே நிறுத்திக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால், சாப்பிடும்போது சோறு இறங்குவதில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று ரெண்டு மூன்று தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தண்ணீர் தாகம் வந்துவிடுகிறது, அல்லது டிவி சத்தம் போதவில்லை.

இன்று காலை நடந்ததை எழுதி முடித்துக்கொள்கிறேன். பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தீர்த்த பாட்டிலை எடுக்கவில்லை. அவர் சட்டை போட்டு வந்தார். வண்டிக் கதவைத் திறந்தார், ஆனால் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு வர மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சமையலறை ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, அதை எடுத்துவா என்றார். எடுத்து வந்தேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையைக் குனிந்தார். "வண்டிக்கு வாணாம். இங்க ரெண்டு சொட்டு போடு. உப்பு போடாத, டாக்டர் திட்டுவாரு" என்றார்.

முடியெல்லாம் கொட்டி உச்சந்தலை தெரிகிறது, சுகிர்தம். இத்தனை வருஷத்தில் நான் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ரெண்டு சொட்டுத்தான் போட்டேன். துடைத்துக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

நர்ஸ் கூப்பிடுகிறாள், மெஷின் முடியப் போகிறதாம். பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மீதி இருக்கிறது. யாராவது மெட்ராஸ் பக்கம் வந்தால் இன்னொன்று கொடுத்து அனுப்பு. உப்பு வேண்டாம். சின்ன பாட்டில் போதும் என்றுதான் எழுத வந்தேன். வேண்டாம், பெரிய பாட்டிலாகவே அனுப்பு. ரெண்டு ரெண்டு சொட்டாகத் தீர ரொம்ப நாளாகட்டும் என்று நீயும் உன் சிஸ்டர்மாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.

உன் அக்கா,
ரெஜினா