மூக்கு உயரத்தில் ஒரு சிவப்புப் பறவை

மார்ச் 6, 1972, திங்கள்

இன்று புதுப் பள்ளிக்கூடத்தை மூக்கால் திறக்கப் பார்த்தேன்.

பெற்றோர் விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். மனைவி ஆர்டித் செய்து கொடுத்த பீன்ஸ் தட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி, நல்ல சட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். உள்ளே எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. ரொம்பவே தெளிவாக. அது வாசல் இல்லை. கண்ணாடிச் சுவர்.

பீன்ஸ் கண்ணாடியில் வழிந்தது. ரத்தம் சட்டையில் வழிந்தது. அந்த நேரம் பார்த்து சிகாகோவிலிருந்து கட்டடம் பார்க்க வந்த பஸ் ஒன்று வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒருவர் என்னைப் படம்கூட எடுத்தார். பெரிய பெரிய கட்டடக் கலைஞர்கள் வரைந்த தேவாலயம், நூலகம், தீயணைப்பு நிலையம், பள்ளிக்கூடம் — எங்கள் ஊரில் பார்க்க வேண்டியவற்றில் இனி நானும் ஒன்று.

மகள் ரோண்டா கொஞ்ச நேரம் என்னை யாரோ எவரோ என்பது போலப் பார்த்தாள். ஒன்பது வயது. நியாயம்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று தோன்றியது. அதற்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்கே தெரியாத சுவர் எதைத் தடுத்து நிறுத்தும்? என்னைத் தவிர?

மார்ச் 7

மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. ஆலையில் போர்மேன் கேட்டார்: "என்ன வெர்லின், நாலாங்கிளாஸ்ல உன்னச் சேத்துக்க மாட்டேன்னுட்டாங்களா?"

மார்ச் 11, சனி

ரோண்டா சிவப்புக் காகிதத்தில் ஒரு பறவை வெட்டி, கதவுக்கு வலப்பக்கக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். சரியாக என் மூக்கு உயரத்தில். "இது அப்பா பறவை. இதுக்கு இடது பக்கம் வந்தா கதவு. ஞாபகம் வெச்சுக்குங்க."

இதில் பெரிய விஷயம் பறவை இல்லை. ஒட்டியதுதான். எங்கள் ஊரில் இந்தப் புதுக் கட்டடங்களில் யாரும் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. தேவாலயத்தில் கோட்டு மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்று அதை வரைந்த நியூயார்க் கட்டடக் கலைஞருக்குப் போன் போட்டுக் கேட்டு, பதில் வருகிறவரை ஒரு குளிர்காலம் முழுக்கக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தோம். வரைகிறவருக்கு ஆலை முதலாளி பணம் கொடுத்துவிடுகிறார். நாங்கள் பயத்தைக் கொடுக்கிறோம். அப்படியிருக்க, தலைமையாசிரியை கெஸ்லர் அம்மா பறவையைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், அவரு கேட்டா நான் பேசிக்கறேன்" என்றாராம்.

எழுதத்தான் வேண்டும்: பழைய பள்ளியில் ரோண்டா வாயே திறக்கமாட்டாள். கடைசி பெஞ்சு, சுவரோரம். புதுப் பள்ளியில் சுவரோரம் என்று ஒன்று இல்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே தடுப்பே கிடையாது. ஒரே பெரிய கூடம், ஒரே கம்பளம். ஆலை மேனேஜர் மகளும் என் மகளும் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். இப்போது பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுகிற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. "இந்தப் பக்கம் பார்த்தீர்களென்றால்..." என்று வீட்டில் எனக்கே குளிர்பெட்டியைச் சுற்றிக் காட்டுகிறாள்.

மார்ச் 19, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு மச்சான் டெல்பர்ட் வந்திருந்தார். ஆர்டித்தின் அண்ணன்; ஊருக்கு வெளியே சோளமும் பன்றியும்.

"மாப்ளே, உங்க மீன்தொட்டிப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சான். தண்ணிதான் இன்னும் விடல."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே ஞாயிறன்று வந்த சுழல்காற்றை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. டெல்பர்ட் கிழங்கு போட்டுவைக்கிற நிலவறைக்குள் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது மாட்டுக்கொட்டகை இல்லை. மாடு ஒன்று மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்ததாம்.

"எங்க பக்கத்துப் பள்ளிக்கூடம் அழுக்குச் செங்கல்தான். ஆனா கீழ நிலவறை இருக்கு. மே முடியற வரைக்கும் புள்ள எங்க வீட்ல இருந்து போகட்டுமே? சும்மா சொல்றேன்."

சும்மா சொல்லவில்லை. 

மார்ச் 21, செவ்வாய்

பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கினேன். காற்று வந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். நிலவறை கிடையாது, ஆற்றங்கரை நிலம், தோண்டினால் தண்ணீர் ஊறும்.

கெஸ்லர் அம்மா நிமிர்ந்தே சொன்னார்: "பாத்ரூம். நடுவுல இருக்கற ரெண்டு பாத்ரூமுக்கு மட்டும்தான் கான்கிரீட் சுவரு."

கூடம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: "விடுங்கம்மா, வெர்லினுக்குக் கண்ணாடின்னாலே இப்ப ஆகாது!" இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். கை மட்டும் நாற்காலி விளிம்பை விடவில்லை.

மார்ச் 26

குருத்தோலை ஞாயிறு. வெயில். ஒரு மேகம் இல்லை. பாட்டுப் பாடினேன், என்ன பாட்டு என்று கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 8, சனி

ஆர்டித்திடம் சொன்னேன், ரோண்டாவை டெல்பர்ட் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று.

"மூணு வருஷம் அவ வாயத் திறக்கலன்னு டாக்டர் டாக்டரா அலைஞ்சோம். இப்பப் பேசறா. அதை எடுத்து மூட்டை கட்டணுமா?"

"காத்து வந்தா?"

"வந்தா இந்த வீடும்தாங்க போகும். இதுக்கு எந்த நிலவறை இருக்கு?"

 கடைசியில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். ஆனா அவகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சொல்லப் போனேன். ரோண்டா முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று சுற்றுலாப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தாள். "இங்கே சுவர் இல்லாததற்குக் காரணம், யாரும் தனியாக இருக்கக்கூடாது என்பதுதான்." என்னைப் பார்த்து, "என்னப்பா?" என்றாள். செருப்பைத் தேடுகிறேன் என்றேன். காலில்தான் இருந்தது.

ஏப்ரல் 19

பள்ளியில் சுழல்காற்று ஒத்திகை. பெண்கள் பாத்ரூமுக்குள் போகமாட்டோம் என்று பையன்கள் கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். ரோண்டா விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னாள். ஆர்டித்தும் சிரித்தாள். நான் வாசலுக்குப் போய் வானம் பார்த்தேன். இப்போதெல்லாம் அதுதான் வேலை.

மே 3, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மதியத்துக்கு மேல் வெளிச்சம் மாறியது. பச்சை. பழைய காயத்தின் நிறம். ஆலைச் சங்கு ஊதியதும் எல்லாரும் கீழே போகவேண்டும்; அதுதான் சட்டம். நாங்கள் என்ன செய்தோம்? எப்போதும் செய்வதை. அத்தனை ஆம்பளைகளும் முற்றத்துக்கு வந்து, இடுப்பில் கை வைத்து மேற்கே பார்த்தோம். போர்மேன் கத்துகிறார்: "உள்ள வாங்கடா, சினிமாவா காட்றாங்க!" சொல்லிவிட்டு அவரும் வந்து நின்று பார்த்தார்.

மேகத்திலிருந்து ஒரு விரல் இறங்கியது. பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம்.

வண்டியை எடுத்தேன். பிள்ளையைத் தேடி யாரும் ரோட்டுக்கு வராதீர்கள், அதுதான் ஆபத்து என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். தெரியும். தெரிஞ்சு என்ன? போயிட்டேன்.

பள்ளிக்கு முன்னால் இறங்கினேன். உள்ளே யாரும் இல்லை. ஒரு பிள்ளைகூட இல்லை. கம்பளம், திறந்த புத்தகங்கள், கவிழ்ந்த பெயிண்டு டப்பா, ஒற்றை ஷூ. கண்ணாடி வழியாக அந்தக் கடைசிவரைக்கும் தெரியுது, அதுக்கும் அந்தாண்ட வயல், வயலுக்கு மேல கருப்பு. பள்ளிக்கூடமே இல்லாத மாதிரி. என் புள்ள எங்க? கதவு எங்க? எல்லாம் ஒரே பச்சையா இருக்கு, எது சுவரு எது கதவுன்னு—

சிவப்புப் பறவை தெரிந்தது. அதற்கு இடது பக்கம் ஓடினேன். கதவு திறந்தது.

பெண்கள் பாத்ரூம் கதவைத் தட்டினேன். கெஸ்லர் அம்மா சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "உங்களுக்குத்தான் கேள்வி இருந்துச்சே. வாங்க, கதவ அழுத்துங்க." முதுகைக் கொடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தரை முழுக்கப் பிள்ளைகள், தலைமேல் கை வைத்து, ஒருவர்மேல் ஒருவர். பையன்கள் உட்பட. யாரும் மறுக்கவில்லை.

இருட்டில் ஒரு குரல் மட்டும் கேட்டது.

"இந்தப் பக்கம் பாத்தீங்கன்னா, வாஷ்பேசின். இதையும் அவருதான் வரைஞ்சாரு. இது சோப்பு. சோப்ப அவரு வரையல."

ஒரு குட்டிப் பையன் அழுகைக்கு நடுவில் சிரித்தான். பேசியது என் மகள்.

அப்புறம் காது அடைத்தது. கழிப்பறைத் தண்ணீர் தானாகக் களகளவென்று கீழே இழுபட்டது. கதவு என் முதுகை மூச்சு மாதிரி தள்ளியது. அதற்குப் பின்னால், ஆர்டித்தின் பீங்கான் அலமாரி விழுகிற மாதிரி ஒரு சத்தம். அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.

ரோண்டா பேச்சை நிறுத்தவில்லை. ஒரு இடத்தில் மட்டும் "இங்க சுவரு இல்லாததுக்குக் காரணம்..." என்று ஆரம்பித்து, "இங்க மட்டும் சுவரு இருக்கு" என்று மாற்றிக்கொண்டாள்.

மே 4

எல்லாரும் பத்திரம். மேற்குப் பக்கக் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. பறவை இருந்தது கிழக்குப் பக்கம், அப்படியே இருக்கிறது.

மே 7, ஞாயிறு

தேவாலய ஆராதனை முடிந்து ஊரே துடைப்பத்தோடு பள்ளிக்கு வந்தது. மேனேஜர் கையுறை போட்டுக் கண்ணாடிச் சில்லு பொறுக்கினார். அவருக்கு நான் வாளி பிடித்தேன். ஆலையில் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. டெல்பர்ட் தன் லாரியோடு வந்து, ஒரு கிண்டலும் இல்லாமல் கூட்டினார். கிளம்பும்போது மெதுவாக, "புள்ளைக்குக் கட்டில் போட்டு வெச்சிருக்கேன் மாப்ளே" என்றார்.

கெஸ்லர் அம்மா பெற்றோரைக் கம்பளத்தில் உட்காரவைத்துக் கேட்டார்: மேற்குப் பக்கம் செங்கல் எழுப்பலாமா, கண்ணாடியே போடலாமா? நியூயார்க்குக்காரர், அது ஊர் எடுக்க வேண்டிய முடிவு என்று சொல்லிவிட்டாராம். முதல்முறையாக எங்களைக் கேட்கிறார்கள்.  எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கெஸ்லர் அம்மாவே பேசினார். "ஒண்ணு சொல்லிடறேன். சங்கு ஊதறதுக்கு முன்னாடியே நாங்க பாத்ரூம்ல இருந்தோம். பிள்ளைங்க கண்ணாடி வழியா மேகத்தப் பாத்துட்டுச் சொல்லிச்சுங்க. செங்கல்லா இருந்தா கணக்குப் போட்டுட்டுத்தான் இருந்திருப்போம்."

இருக்கலாம். ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ரோண்டா மற்றப் பிள்ளைகளோடு வெளியே புல்லில் நின்றாள். கண்ணாடி இல்லாத சட்டத்தின் வழியாக என்னைப் பார்த்துக் கை காட்டினாள். செங்கல் வைத்தால் சரியாக அவள் நின்ற இடம்தான் மறையும்.

கண்ணாடிக்குக் கை தூக்கினேன். ஆர்டித் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 22, திங்கள்

பள்ளி திறந்தது. ஷிப்டுக்கு முன்னால் நானே கொண்டுபோய் விட்டேன். மேற்குப் பக்கம் புதுக் கண்ணாடி. அதில் எல்லா உயரத்திலும் பறவைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பா அம்மாவின் மூக்கை அளந்து ஒட்டியிருக்கிறது. யாரும் நியூயார்க்கைக் கேட்கவில்லை.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாதாரணக் காற்று. மரம் ஆடியது, அவ்வளவுதான்.

"அப்பா, கண்ணாடி. பாத்து."

"தெரியுது, தெரியுது. மூக்கு ஞாபகம் வெச்சிருக்கு."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கம்பளத்தில் போய் உட்கார்கிறவரை தெரிந்தாள். சங்கு ஊதப்போகிறது, ஆலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் போகலையா?" என்று கையால் கேட்டாள். நானும் கையால், போறேன் என்றேன்.

வாயில் நின்ற வார்த்தையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தேன்: வா கண்ணு, வீட்டுக்குப் போயிடலாம்.