கம்மல் ஆகாத தங்கம்

இன்று காலை சிலிண்டர் மாற்றினேன். ரெகுலேட்டரைப் பொருத்துவதற்குள் ஒரு மூச்சு கேஸ் வெளியே வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் அந்த அழுகின பூண்டு வாசத்தில் அப்படியே நின்றேன். கசிவு தெரிய கேஸில் கலக்கிற நாற்றமும், நம் ஆய்வகத்தில் தயோல் என்கிற அந்தக் கந்தகச் சேர்மமும் ஒரே குடும்பம். நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னை நினைக்க எனக்கு வாய்த்தது இந்த வாசம்தான், என்ன செய்ய.

படூரிலிருந்து திரும்பும் கல்லூரி பஸ்ஸில், மேலே ஒட்டிய அந்த நாற்றத்தால் நம் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் கூனிக் குறுகிப்போவேன். நீ காலை நீட்டிக்கொண்டு, "நல்லதாப் போச்சுடி, சீட்டு பூரா நம்முளுது" என்பாய்.

தங்க உப்பு கரைத்த மஞ்சள் நீரில் தயோலை விட்டதும் நிறம் வெளுக்கும். ஐஸில் குளிரவைத்த போரோஹைட்ரைடு என்ற உப்புக் கரைசலைச் சேர்த்தால் சட்டென்று கறுக்கும். பிரிந்து கிடந்த அணுக்கள் சின்னதும் பெரியதுமாகக் கண்டபடி கொத்துக் கொத்தாகச் சேர்கிற நேரம் அது. அப்புறம் விடாமல் கலக்கிக்கொண்டே காத்திருக்க வேண்டும். நிலையில்லாத கொத்துகளைத் தயோல் அரித்துக் கலைத்துவிடும். இருபத்தைந்து அணுக்கள் சேர்ந்த கொத்து தாக்குப்பிடிக்கும். குடுவையில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் போச்சு, எல்லாம் திரண்டு மாதுளைச் சாறாகச் சிவந்துவிடும். எனக்குப் பாதி நாள் அப்படித்தான். "இன்னாடி, மறுபடியும் ஜூஸ் போட்டுகினு கீறியா?" என்று என் தோள்மேல் எட்டிப் பார்ப்பாய். ஜன்னல் வழியே வரும் கடல் காற்றை நம்பாமல், கழுவிக் காய்ந்த குடுவையையும் நீ மறுபடி கழுவுவாய். உன்னுடையது காபி டிகாஷன் நிறத்தில் வந்து நிற்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

ஒரு தீபாவளிக்குக் கருங்குழியில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். "எந்நேரமும் தங்கம் தங்கம்ன்றீங்களே, ஒரு கம்மலாச்சும் தேறுமா?" என்று உன் அம்மா கேட்டார்.

"கம்மல் ஆச்சின்னா அது வேலைக்கு ஆவாதும்மா" என்றாய்.

கட்டித் தங்கம் எதோடும் ஒட்டாமல் சும்மா இருக்கும். சில அணுக்கள் மட்டும் கூடி நின்றால் அவற்றில் பெரும்பாலானவை வெளிப்பக்கம் இருக்கும். வருகிற மூலக்கூறுகள் அங்கே உட்கார்ந்து, தங்களுக்குள் வினையை முடித்து, எழுந்து போகும். கொத்து அடுத்து வருவதற்குத் தயாராக இருக்கும். இதையெல்லாம் நீ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, இருவர் தட்டிலும் இன்னும் ஒரு அதிரசம் வைத்தார்.

பிறகு செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில். புற்றுநோய்க்கு உனக்கு ஏற்றிய மருந்தில் பிளாட்டினம் இருந்தது. "வூட்ல குந்துமணித் தங்கம் இல்ல, எனுக்கு ஒடம்பு பூரா பிளாட்டினம் ஏத்திகினு கீறாங்கடி" என்றாய். சிரித்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதேன். முகம் கழுவித் திரும்பினால், உன் துப்பட்டாவை எடுத்து நீட்டினாய்.

உன் பெயரை முதலில் போட்டு ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. நாள்பட்டாலும் இந்தக் கொத்துகள் திரண்டுபோகாமல் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக்கூடியது, நீ கடைசியாகச் செய்து ஆய்வக ஃபிரிட்ஜில் வைத்த பொடி மட்டுமே. குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை இருக்கிறது. அது செத்துப்போயிருந்தால் கட்டுரையும் போகும், அதிலிருக்கும் உன் பெயரும் போகும். உன் கையால் ஆனது அங்கே அது ஒன்றுதான் மிச்சம் என்பதால், தொட மனசில்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இன்று வாசம் மூக்கிலிருந்து போகும்முன் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டேன். குப்பியைத் திறந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்தேன். டிகாஷன் நிறம்தான். பக்கத்தில் நைட்ரோபீனால் என்ற மஞ்சள் கரைசல், போரோஹைட்ரைடு கலந்தபடி தயாராக இருந்தது. இடையில் ஒரு தங்கக் கொத்து வராமல் அவை இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. மஞ்சள் வெளுத்தால் கொத்து வேலை செய்கிறது என்று அர்த்தம். உன் கரைசலிலிருந்து ஒரு துளியை அதில் விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கடவுளே, இவள் பெயரையாவது விட்டு வை என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் மஞ்சள் மெல்ல வெளுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீராகத் தெளிந்தது. சிவப்பு எங்கேயும் இல்லை.

நீ இருந்திருந்தால், "வேல செய்யுதுடி, வா, நாஸ்தா துன்னப் போலாம்" என்று கோட்டைக் கழற்றியிருப்பாய். நான் போகவில்லை. அதே குடுவையில் இன்னும் கொஞ்சம் மஞ்சளை ஊற்றினேன். அதுவும் தெளிந்தது. மறுபடி ஊற்ற ஒரு காரணமும் இல்லை, கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. இருந்தும் ஊற்றினேன். நீ விட்டுப்போன ஒரு துளி இன்னும் தீரவில்லை.