செல்வி அக்கா சாப்பிட்ட மாத்திரைக்குச் சாட்சி

என் செல்வி அக்கா,

எங்க இருக்கியோ, அங்கயாவது முட்டி வலி இல்லாம இரு. இங்க உன் கேஸ் இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் கிடக்குது. நானும் மாமாவும் விழுப்புரம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறோம், வாய்தா வாங்கிக்கிட்டு மரக்காணம் பஸ் ஏறி வர்றோம்.

முட்டி வலிக்குன்னு கிளினிக்ல எழுதிக் குடுத்தாங்களே ஒரு மாத்திரை, ரெண்டு வருஷம் விடாம போட்டியே, அதை இனிமே விக்கவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. கிட்னியைத் தின்னுடுமாம். கம்பெனிக்கு முன்னாடியே தெரியுமாம். நீ போய்ச் சேந்த பிறகு நமக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு?

போன வாய்தாவுல கம்பெனி வக்கீல் என்ன சொன்னான் தெரியுமா? உப்பளத்து ஆளுங்க வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செய்யறவங்க, அவங்களுக்கு கிட்னி போறது சகஜம்தான்னு சொன்னான். உப்புதான் உன்னைக் கொன்னுச்சாம். ஒரு நாள் உப்புப் பாத்தியில கால் வச்சிருப்பானா அவன்?

அதுக்கும் மேல, மாத்திரை அட்டை எங்க, டாக்டர் சீட்டு எங்கன்னு கேட்டான். எதை எடுத்துக் காட்டறது? பால் தெளிச்ச அன்னிக்கு, செத்தவங்க மருந்து வீட்ல இருக்கக் கூடாதுன்னு பெரியம்மா உன் பாய், தலகாணியோட மருந்துப் பையையும் சேத்துக் கட்டிக் குடுத்தாங்க. சுடுகாட்டு ஓரமா நான்தான் கொளுத்துனேன். சீட்டு, மிச்ச அட்டை எல்லாம் அதுலதான் இருந்துச்சு. யாரைத் திட்டறது? நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சோம்.

மெடிக்கல்காரர் ஒரு நாளும் பில்லு போட்டதில்ல, இப்ப உன்னைத் தெரியவே தெரியாதுங்கறாரு. கிளினிக்ல பழைய நோட்டு இல்லையாம். கம்பெனி ஆளு மட்டும் வீடு தேடி வந்தான். மாத்திரையால சாகலன்னு கையெழுத்துப் போட்டா ஏதோ குடுப்பானாம். "செத்தவளைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?"ன்னு கேட்டுட்டு மாமா உள்ள போயிட்டாரு.

அடுத்த வாய்தாவுல நான் சாட்சி சொல்றேன். மாசாமாசம் கடைக்குப் போய் வாங்கியாந்தவன் நான்தானே, வேற யாரு இருக்கா? அப்ப அந்த மாத்திரையை உங்க அக்காவுக்குக் குடுத்ததே நீங்கதானேன்னு மடக்குவாங்க, மனசைத் தேத்திக்கிட்டு வாங்கன்னு நம்ம வக்கீலம்மா சொல்லிட்டாங்க.

ஆமான்னு சொல்லுவேன்க்கா. குடிக்கத் தண்ணியும் நான்தான் மோந்து குடுத்தேன்னு சொல்லுவேன். எழுதிக்கட்டும்.

உன் கூடப் பொறந்தவன்,
குமார்