பினர விதை கேட்ட காலை

பூத்துவிட்டது, புள்ள. இன்று காலை முகம் கழுவ வாசலுக்கு வந்தேன். சட்டியில் முதல் பூ விரிந்திருந்தது. மேல் மலையில் நாம் பார்த்த அதே ஊதா, நடுவில் அதே மஞ்சள். உன் லயத்துப் பக்கம் திரும்பி உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைத்தது.

மண் சரிந்து, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் சுவர் வெடித்ததால் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. உன் லயம் வெடிக்கவில்லை. உனக்கு அடுத்த முறை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். முதன்முதலாக எனக்கென்று ஒரு முற்றம் வந்த பெருமையில், மஸ்கெலியா டவுனில் வாங்கிய ரோஜாவையும் டேலியாவையும் நட்டு உன்னை அழைத்து வந்து காட்டினேன். நீ ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய்.

"கடைப் பூவத்தான் எல்லாரும் வைக்கிறாங்க. நம்ம மலைப் பூ ஒண்ணு வையேன்."

"எது, பினரயா?"

"அதேதான். எனக்கு முத்தம் கெடைக்கிற வரைக்கும் உன் முத்தத்துல வந்து பாத்துக்கிறேன்."

சிங்களத்தில் பினர என்பதை நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நாம் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் மேல் மலைப் புல்வெளியெங்கும் அது கிடந்தது. டர்பன்டைன் மரங்களை நட்டு அந்தப் புல்வெளியை மூடிய பிறகு, தேயிலை முடிகிற ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியது. அப்படி மிஞ்சியதில் ஒன்றை நான் வேரோடு பெயர்த்து வந்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வாடிக் கிடந்ததைப் பார்த்து நீ திட்டவில்லை. "இனிமே ஒண்ணயும் தோண்டாத. இருக்கிறதே கொஞ்சம். வெத போட்டுப் பாப்போம்" என்றாய்.

காய் முற்றியதும் கொண்டுவந்து கொடுத்தாய். விதை தூசி மாதிரி இருந்தது. கீரை விதைக்கிற மாதிரி மண்ணால் மூடித் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையை உதிர்த்தபின் மிஞ்சிய காய்க் கோதுகளை நீ உன் லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் உதறியிருந்தாய். சில வாரம் கழித்து ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். ஈரப் பாசியின் மேல் பச்சைப் புள்ளிகளாகக் குஞ்சுச் செடிகள்! மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து வேண்டும் என்று அன்றைக்குத்தான் நம் இரண்டு பேருக்கும் விளங்கியது. இரண்டு பிள்ளைகள் மாதிரி கைகொட்டிச் சிரித்தோம். அடுத்த பெருமழையில் கான் புரண்டு அத்தனையையும் அடித்துக்கொண்டு போனது.

மறுபடியும் காய் முற்றும் காலம் வந்தது. அன்று காலை நீ உன் சின்னவளை என்னிடம் விடப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாய். கொழுந்துக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளோடு நான் நாள் முழுக்க அங்கேதான் இருப்பேன். உனக்கு அன்று மேல் மலையில் வேலை. நீ படியிறங்கும்போது நான் பின்னாலிருந்து கத்தினேன்.

"ஏ புள்ள, காய மறந்துடாத!"

"கொழுந்து பறிக்கப் போறேனா, உனக்குக் காய் பறிக்கப் போறேனா?"

சிரித்துக்கொண்டேதான் போனாய்.

சோற்று நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேலேயிருந்து கூச்சல் கேட்டது. "கொளவி! கொளவி கொட்டுது!" பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு மலையிலிருந்து உருண்டும் விழுந்தும் ஓடி வந்தார்கள். நான் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி வழியாக ஒவ்வொரு முகமாகத் தேடினேன். உன்னைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகிற வழியிலேயே நீ போய்விட்டாய்.

உன் பக்கத்து நிரையில் நின்ற லெட்சுமி அக்கா துக்க வீட்டில் சொன்னார்: "ஓரத்துல குனிஞ்சு என்னமோ பறிச்சா. அதுக்குள்ளதான் கொளவி கலைஞ்சிச்சு." கழுகு குளவிக் கூட்டைக் கொத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்னொருத்தி சொன்னாள். எனக்கு முதல் பேச்சு மட்டும்தான் காதில் நின்றது.

காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் வந்தார். உன் மடியில் முடிந்திருந்த காய்களைத் துணியோடு நீட்டினார். "இது உங்களுக்குத்தானே, தங்கச்சி?"

இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன். "நான் கேக்காம இருந்திருந்தா அந்த ஓரத்துக்கே போயிருக்க மாட்டாளேண்ணே."

"அப்புடிச் சொல்லாதீங்க. அந்த மரத்துல கூடு இருக்குன்னு எல்லாருந்தான் சொன்னோம். கலைக்க ஒருத்தரும் வரல. நீங்க ஒரு பூவுக்கு வெத கேட்டீங்க, அம்புட்டுத்தான்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்பது என் குரல்தான்.

ஒரு வருசம் அந்த முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை. பிறகு, உன் கை பறித்தது வீணாகிவிடக் கூடாது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு தூவினேன். தேயிலை அடிமண்ணோடு மக்கிய இலையைச் சேர்த்துச் சட்டியில் நிரப்பி, மேலாகத் தூவி, மண் போடாமல் விட்டேன். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்தேன். ஈரம் காய விடவில்லை. தண்ணீர் தேங்கவும் விடவில்லை. உரம் எதுவும் போடவில்லை. முற்றத்தில் வளர்க்க இது ஒன்றும் கஷ்டமான செடி இல்லை, புள்ள. நமக்குத்தான் அதன் போக்குத் தெரியாமல் இருந்தது. இன்று பூவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, உங்க கை ராசியான கை" என்றாள். அந்தக் கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டேன்.

அன்றைக்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்க எனக்கு நாக்கு எழுவதில்லை. வெளியே போகிறவர்களிடம் 'வரும்போது இதைக் கொண்டு வா' என்று சொல்ல முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மஸ்கெலியாவுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "அம்மா, வரும்போது என்னா வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. நீ பத்திரமா வந்து சேந்தாப் போதும்" என்றேன்.

வீட்டில் சீனி இல்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைத்தான் குடித்தோம்.