இடது எட்டு, வலது ஒன்பது

மார்ச் 4

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

எதிரும் புதிருமாகக் கடை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். நேரில் பேசினால் நம் இருவருக்கும் வாய் நீண்டுவிடும். அண்ணன் போன பிறகு, பிளாஸ்டிக் செருப்பும் விற்கலாம் என்று நீங்களும் கூடாது என்று நானும் தொடங்கிய பேச்சு, நான் எதிரிலேயே தனிக்கடை போடுவதில் அல்லவா முடிந்தது! அதனால் தாளே மேல்.

விஷயம் இதுதான். இன்று ஒரு பெண் வந்தாள். கடையில் இருந்த ஷூவில் பாதியைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன் நடந்தாள். பிடித்ததைப் படம் எடுத்துக்கொண்டு, "அளவு தெரிஞ்சுபோச்சு ஆன்ட்டி, போன்ல ஆர்டர் போட்டுக்கறேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். அடுத்து உங்கள் கடைக்குள் நுழைந்தாள். உஷாராக இருங்கள்.

எதிர்க்கடை நாத்தனார்


மார்ச் 5

நாத்தனாருக்கு,

உன் எச்சரிக்கை வருவதற்குள் அவள் என் தோல் செருப்பையும் படம் எடுத்துவிட்டாள். நான் குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்தேன். ஊராருக்குச் சும்மா செருப்பு மாட்டிவிடுவதுதான் இப்போது நம் உத்தியோகம்.

கடிகாரக் கடை போயிற்று. பாத்திரக் கடை போயிற்று. துணிக்கடை பார்சல் கிடங்காகிவிட்டது. நானும் மாதக் கடைசியில் காலி செய்கிறேன். கட்டடக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இனி தெருவில் நீ ஒருத்திதான். சந்தோஷமாக இரு.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நீங்கள் திறந்துவிட்டீர்களா என்று பார்ப்பேன். நீங்கள் இல்லாவிட்டால் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன்?

இந்தத் தாளைக் கொண்டுவருபவர் பஸ் ஓட்டுநர். இடது கால் எட்டு, வலது கால் ஒன்பது. "போன்ல வாங்கினா ஒண்ணு கடிக்குது, இன்னொண்ணு கழண்டு ஓடுது. ரெண்டு ஜோடி வாங்கி ஒரு ஜோடியத் தூக்கிப் போடச் சொல்றாங்க" என்று புலம்பினார். பழுப்பு ஷூவில் என்னிடம் எட்டு இருக்கிறது. அதே ஷூவில் ஒன்பது உங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. இடதை நான் மாட்டிவிட்டேன். வலதை நீங்கள் மாட்டிவிடுங்கள். மிஞ்சுகிற ஒற்றைகளின் நஷ்டம் ஆளுக்குப் பாதி.

நாத்தனார்


மார்ச் 10

நாத்தனாருக்கு,

ஒரு காலில் புது ஷூவும் ஒரு காலில் பழைய செருப்புமாக மனிதர் தெருவைக் கடந்து வந்ததைப் பார்த்து, யாரோ கோமாளி என்று நினைத்துவிட்டேன். வலதை மாட்டியதும் எழுந்து நின்றார். நடந்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "கால் இருக்கறதே தெரியலையேம்மா!" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

என்னிடம் இடது ஒன்பதும் உன்னிடம் வலது எட்டும் அநாதையாகக் கிடக்கின்றன. கிடக்கட்டும். எறிந்துவிடாதே.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணன் உன்னை இப்படித்தான் கூப்பிடுவார். எனக்கும் இன்று அப்படிக் கூப்பிடத் தோன்றியது.

நடுத்தெருவில் நின்று "வலது எட்டு! வலது எட்டு!" என்று கத்தியது நான்தான். நீயும் பெட்டியில்கூடப் போடாமல், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டிகளையெல்லாம் நிறுத்தி ஓடி வந்தாயே! ஷூ கேட்டு வந்த அந்தப் பேக்கரிக்காரர் பயந்தே போய்விட்டார். ஓட்டுநர் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வந்த இவருக்கு இடது ஒன்பது, வலது எட்டு! அவர் போட்டுக்கொண்டு குதித்தபோது நாம் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கவனித்தாயா? நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணி,

கவனித்தேன். கையை விடத் தோன்றவில்லை.

இந்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் வீங்கிய டீச்சர் ஒருவர், இடது காலை இழுத்து நடக்கும் தையல்காரர், அப்புறம் காலுக்கொரு அளவு வைத்திருக்கும் ஒரு சமையல்காரர். எல்லோருக்காகவும் தெருவை இப்படியும் அப்படியுமாய்க் கடந்து என் முட்டி தேய்ந்துவிட்டது. போனில் படம் எடுக்க வருபவர்கள் குறையவில்லை. அவர்களை நிறுத்த நம்மால் ஆகாது. இந்தத் தெருவுக்கு இரண்டு செருப்புக் கடை இனித் தாங்காது. ஒன்று தாங்கும்.

நீங்கள் காலி செய்வதைத் தடுக்க மாட்டேன். ஆனால் சரக்கை விற்றுவிடாதீர்கள். இங்கே கொண்டுவாருங்கள். நீங்களும் வாருங்கள். பிளாஸ்டிக் செருப்புக்கு ஒரு தட்டு ஒதுக்குகிறேன். கீழ்த்தட்டுதான், அதற்குமேல் பேரம் கிடையாது. தினமும் சண்டை வரும். வரட்டுமே, கடைக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வாயாடி


மார்ச் 31

வாயாடி,

பதில் எழுதப் பொறுமையில்லை. இந்தத் தாளைப் படித்துக்கொண்டு நிற்காமல் ஷட்டரைத் தூக்கு. பெட்டிகளோடு வெளியே நிற்கிறேன். பிளாஸ்டிக்தான் மேலே இருக்கிறது.

அண்ணி